குப்பைமேனி மேற்பூச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை பெய்து ஓய்ந்ததும் வேலியோரத்திலும் கிணற்றடியிலும் பாழ்மனைகளிலும் யாரும் விதைக்காமலே முளைத்து நிற்கும் செடி குப்பைமேனி. சொறி, சிரங்கு, பூச்சிக்கடித் தடிப்பு என்று தோலில் எது வந்தாலும் பல வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது இதன் இலைதான். இந்தச் செடியின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் தங்கள் தோலில் பூசிப் பார்த்துக் கைக்கொண்ட பச்சிலை இது. ஆனால் அது எங்கே உதவும், எங்கே கெடுதல் செய்யும் என்ற எல்லையை இப்போது பலரும் மறந்துவிட்டார்கள். "பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?" என்ற அசட்டையில்தான் ஆபத்து இருக்கிறது. தெரிந்தவர்களும் வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களைக் கீழே தருகிறேன்.

குப்பைமேனியை எப்படி அடையாளம் காண்பது?

முழங்கால் உயரம் முதல் இடுப்பளவு வரை வளரும் ஓராண்டுச் செடி. தாவரவியலில் அகாலிஃபா இண்டிகா. ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் பல செடிகளைக் கிள்ளினால் பால் வடியும், இதில் வடியாது. இலை முட்டை வடிவம், நுனி சற்றுக் கூர்மை, விளிம்பெல்லாம் ரம்பப் பல். செடியை மேலிருந்து குனிந்து பாருங்கள். கீழிலைகளின் காம்பு நீளமாகவும் மேலிலைகளின் காம்பு குட்டையாகவும் இருப்பதால், ஓர் இலை இன்னோர் இலையை மறைக்காமல் வட்டமாக விரிந்திருக்கும்.

இலையை மட்டும் பார்த்துப் பறித்துவிட வேண்டாம், பூவையும் பாருங்கள். இலைக்காம்பும் தண்டும் சேரும் இடத்தில் நிமிர்ந்த கதிர் ஒன்று நிற்கும். அதில் பல் வைத்த சின்னப் பச்சைக் கிண்ணங்கள் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் பெண் பூ இருக்கும், ஆண் பூக்கள் கதிரின் மேல்பகுதியில் பொடிப்பொடியாக இருக்கும். இந்தக் கிண்ணக் கதிர் கண்ணில் பட்டால் பெரும்பாலும் சந்தேகம் தீர்ந்துவிடும். இதே இனத்தில் வேறு சில செடிகளும் நம் ஊரில் வளர்வதால், முதல் தடவை பறிக்கும்போது பழகிய ஒருவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

செந்தட்டியும் இதே குடும்பம்தான், அதன் இலை விளிம்பிலும் பல் உண்டு. அது படர்ந்து ஏறும் கொடி. உடலெங்கும் சுணை இருக்கும், தொட்ட மாத்திரத்தில் சுரீரென்று எரியும். அரிப்புக்கு மருந்து தேடிப் போய்ச் செந்தட்டியைப் பறித்து வந்தவர்களும் உண்டு.

குப்பைக்கீரையும் இதுவும் ஒன்றா?

இல்லவே இல்லை. குப்பைக்கீரை தண்டுக்கீரை வகையைச் சேர்ந்தது, கடைந்து சாப்பிடுவது. குப்பைமேனியைக் கீரையாக நினைத்துச் சமைக்கக் கூடாது. ஏன் என்பதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

வழிவழியாக எந்தெந்தத் தொல்லைகளுக்கு மேலே பூசுகிறார்கள்?

இலையுடன் உப்பு சேர்த்து அரைத்துச் சொறி சிரங்குக்குப் பூசுவது எல்லா ஊரிலும் தெரிந்த முறை. மஞ்சள் சேர்த்து அரைத்து அரிப்புக்கும் தோல் தடிப்புக்கும் பூசுவார்கள். சாற்றுடன் சுண்ணாம்பு குழைத்துப் பூச்சிக்கடிக்கு வைப்பார்கள். எண்ணெயில் காய்ச்சி மூட்டுவலிக்குத் தேய்ப்பது, நிழலில் உலர்த்திய இலைப்பொடியை ஆறாத புண்ணில் தூவுவது, இலை போட்டுக் கொதிக்கவைத்த நீரில் குளிப்பது ஆகியவையும் உண்டு. காதில் சாறு விடுவதும் மூக்கில் பிழிவதும்கூடச் சில ஊர்களில் நடக்கின்றன.

இவற்றில் வீட்டில் செய்துகொள்ளத் தக்கது என்று நான் துணிந்து சொல்வது ஒன்றைத்தான்: வெடிப்போ புண்ணோ இல்லாத தோலில், சிறிய இடத்தில் வரும் அரிப்புக்கும் லேசான பூச்சிக்கடித் தடிப்புக்கும் பெரியவர்கள் சில நாட்கள் பூசிக்கொள்வது. மூட்டுவலிக்கு எண்ணெய் தேய்ப்பதில் பெரிய கெடுதல் இல்லை. வெதுவெதுப்பும் நீவிவிடுவதுமே அங்கே பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. காது, மூக்கு, கண் ஆகிய மூன்றும் இந்தச் சாறு போகக் கூடாத இடங்கள். செவிப்பறையில் ஓட்டை இருப்பது தெரியாமல் விட்ட சாறு நடுக்காது வரை போய்விடும்.

அரைத்துப் பூசுவதற்குச் சரியான முறை எது?

செடி நின்ற இடத்தை முதலில் பாருங்கள். சாக்கடையோரம், தார்ச்சாலையின் விளிம்பு, களைக்கொல்லி தெளித்த வயல், நாய்கள் சிறுநீர் கழிக்கும் சுவரோரம் ஆகிய இடங்களில் பறிக்க வேண்டாம். வீட்டுத் தொட்டியில் ஒரு செடி வளர்த்துக்கொண்டால் இந்தக் கவலையே இல்லை.

பூச்சி அரிக்காத, பழுக்காத இலைகளாக ஒரு கைப்பிடி பறித்து, ஓடும் நீரில் அடிப்பக்கமும் படும்படி அலசுங்கள். இலையின் அடியில் உள்ள மெல்லிய ரோமத்தில் மண் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு முக்கு முக்கி எடுத்தால் போகாது. அரைக்கும் அம்மியிலோ மிக்சியிலோ அதற்கு முன் மிளகாய் அரைத்திருந்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். "குப்பைமேனி பூசினேன், தீயாய் எரிகிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அரைத்த விழுதை முன்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பூசி, இருபது நிமிடம் கழித்துக் கழுவிவிட்டு, மறுநாள் வரை பொறுத்திருங்கள். சிவப்பு, தடிப்பு, கொப்புளம் எதுவும் இல்லையென்றால் வேண்டிய இடத்தில் மெல்லிசாகப் பூசலாம். அரை மணி நேரம் போதும், அதன்பின் வெறும் தண்ணீரில் கழுவிவிடுங்கள். இரவு முழுக்கக் கட்டுப்போட்டு வைத்திருந்தால் தோல் ஊறி வெந்துபோகும். உப்பு சேர்ப்பதாக இருந்தால் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். சொறிந்து கீறிய தோலில் உப்பே கூடாது.

ஒரு நாளைக்கு ஒரு முறை பூசினால் போதும். அரிப்பு கூடினால் அன்றே நிறுத்திவிடுங்கள். ஒரு வாரத்தில் குறையாவிட்டால் அது இலைக்கு அடங்கும் அரிப்பு இல்லை, மருத்துவரைப் பாருங்கள். மீந்த விழுதை மறுநாளுக்கு எடுத்துவைக்கக் கூடாது. பச்சை விழுதில் கிருமிகள் வெகு வேகமாகப் பெருகும்.

எண்ணெயாகக் காய்ச்சி வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம். இலைச்சாறு ஒரு பங்கு, தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ ஒரு பங்கு சேர்த்துச் சிறு தீயில் காய்ச்சுங்கள். சாற்றிலுள்ள நீர் வற்றும்வரை எண்ணெய் சடசடவென்று பொரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தம் அடங்க வேண்டும். அடியில் தங்கும் கசண்டைக் கரண்டியால் எடுத்து விரலில் உருட்டினால், முதலில் மெழுகைப்போல் உருளும், இன்னும் சற்றுக் காய்ந்தால் மணலாக உதிரும். மணல் பதத்துக்கு நெருங்கும்போது இறக்கி, ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வையுங்கள். பச்சை இலை அடுப்பில் வேகும்போது முகம் சுளிக்கவைக்கும் ஒரு வாடை அடிக்கும். நீர் வற்றியபின் அது மிகவும் தணிந்துவிடும்.

நீர் மீந்திருந்தால் சில நாளிலேயே எண்ணெய் கெடத் தொடங்கும். சிக்கு வாடை அடித்தாலோ பூஞ்சை படிந்தாலோ கொட்டிவிடுங்கள். வறண்ட தோலில் வரும் அரிப்புக்கு விழுதைவிட எண்ணெயே மேல் என்பது என் கருத்து. விழுது தோலை இன்னும் உலரவைக்கும், எண்ணெய் அதைப் பதப்படுத்தும்.

வீட்டில் எல்லோருக்கும் சிரங்கு. குப்பைமேனி பூசியும் திரும்பத் திரும்ப வருகிறதே, ஏன்?

இது எல்லோரும் கேட்கும் கேள்வி, விரிவாகவே சொல்ல வேண்டும்.

இரவில் படுத்ததும் அரிப்பு அதிகமாகிறதா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, தொப்புளைச் சுற்றி, மார்பின் அடிப்பகுதி, பிறப்புறுப்புப் பகுதி ஆகிய இடங்களில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருக்கின்றனவா? வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வந்திருக்கிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் அது ஸ்கேபீஸ் எனப்படும் சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி ஒன்று தோலின் மேலடுக்கைத் துளைத்து உள்ளே முட்டையிடுவதால் வருவது. சாறு மேலே பட்ட இடத்தில் அரிப்பு தணியும், உண்ணி உள்ளே இருந்துகொண்டே இருக்கும். அரிப்பு நின்றதை நோய் நின்றதாக எண்ணி வீட்டார் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, அரிக்கும் ஒருவருக்கு மட்டும் பூசுகிறார்கள். உண்ணி தொற்றி அரிப்பு தொடங்குவதற்கு முதல் தடவை நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகும். அதற்குள் அவர் பக்கத்தில் படுத்தவருக்கு ஒட்டியிருக்கும். எனவே அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கக்கூடிய பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்து முதல் உள்ளங்கால் வரை, நகக்கண்ணும் விரல் இடுக்கும் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒரு முறை பூச வேண்டும். கைக்குழந்தைக்குத் தலைக்கும் பூச வேண்டியிருக்கும், அதை மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள். மருந்து பூசிய நாளில் உடுத்திய துணி, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால் போதும். உடம்பை விட்டு விலகிய உண்ணி இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிர் வாழாது.

இத்தனையும் செய்தபின், உண்ணி செத்தாலும் அரிப்பு இரண்டு முதல் நான்கு வாரம் தொடரும். குப்பைமேனி எண்ணெய்க்கு நான் இடம் கொடுப்பது இந்தக் கட்டத்தில்தான்: களிம்பு வேலையை முடித்தபின், தோல் உடையாத இடத்தில் மீந்திருக்கும் அரிப்பைத் தணிக்க. சீழ் வைத்த சிரங்கைக் கை மருந்தில் நாள் கடத்தவே கூடாது. அந்தச் சீழ்க்கிருமியில் ஒரு வகை, குழந்தைகளின் சிறுநீரகத்தை வீங்கவைக்கும். சிரங்கு வந்த சில வாரங்களில் பிள்ளையின் முகம் வீங்கினாலோ சிறுநீர் செந்நிறமாகப் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

படர்தாமரைக்கு?

படர்தாமரை பூஞ்சையால் வருவது. ஆய்வுக்கூடத் தட்டுகளில் குப்பைமேனிச் சாறு சில பூஞ்சைகளின் வளர்ச்சியைக் குறைத்திருக்கிறது. தொடையிடுக்கில் மாதக்கணக்காகப் படர்ந்திருக்கும் படைக்கு அது போதாது. டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்ற, வழக்கமான மருந்துகளுக்கே எளிதில் அடங்காத பூஞ்சை வகை இந்தியாவில் பரவியிருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் இதை இன்னும் மோசமாக்குகின்றன. பூசினால் இரண்டு நாளில் சிவப்பு மறையும், நிறுத்தினால் இரு மடங்காகப் படரும். தோல் மருத்துவர் சொன்ன மருந்தைச் சொன்ன நாள் முழுவதும் பூசுங்கள், அந்த இடத்தை ஈரமில்லாமல் வைத்திருங்கள். அதோடு குப்பைமேனியையும் கலக்க வேண்டாம். எரிச்சல் வந்தால் எதனால் வந்தது என்று மருத்துவருக்குத் தெரியாமல் போய்விடும்.

சுண்ணாம்பு சேர்க்கச் சொல்கிறார்களே?

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கடுமையான காரம். தோலை வேகவைக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கும். குளவி கொட்டிய இடத்தில் கடுகளவு வைத்துப் பழகிய பெரியவர்களைப் பார்த்து, இப்போது கரண்டிக் கணக்கில் கலந்து கன்னத்தில் பூசும் காணொளிகள் சுற்றுகின்றன. என்னைக் கேட்டால், குப்பைமேனியோடு சுண்ணாம்பே வேண்டாம்.

வெட்டுக்காயத்தில், புண்ணில் சாறு பிழியலாமா?

கூடாது. தெருமண்ணில் வளரும் செடியில் ரணஜன்னி (டெட்டனஸ்) கிருமியின் வித்துகள் இருக்க வாய்ப்புண்டு. நாலு முறை கழுவினாலும் அவை முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது. காயத்தைச் சுத்தமான ஓடும் நீரிலும் சோப்பிலும் கழுவுங்கள், சுத்தமான துணியால் அழுத்தி ரத்தத்தை நிறுத்துங்கள். அழுக்கான காயமாக இருந்து, கடைசியாகப் போட்ட ரணஜன்னி ஊசிக்கு ஐந்து ஆண்டு கடந்திருந்தால் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். தீக்காயத்துக்கும் பச்சிலை கூடாது. குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் அதன்மேல் ஓடவிடுவதே முதல் மருந்து.

சர்க்கரை நோயாளிகளின் காலில் ஏற்படும் எந்தப் புண்ணிலும் எந்தப் பச்சிலையும் வைக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். உணர்ச்சி மரத்த காலில் எரிச்சல்கூடத் தெரியாது. மேலே காய்ந்ததுபோல் தோன்றும், உள்ளே அழுகல் எலும்பைத் தொட்டிருக்கும். சுண்டுவிரலில் தொடங்கியது காலை எடுப்பதில் போய் நின்ற கதைகளை எல்லா ஊரிலும் கேட்கலாம்.

படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு முதுகில் புண். இலைப்பொடி தூவலாம் என்று ஊரில் சொல்கிறார்கள். தூவலாமா?

பழைய காலத்தில் படுக்கைப்புண்ணுக்கும் புழு வைத்த புண்ணுக்கும் இந்தப் பொடியைத் தூவியது உண்மைதான். அப்போது வேறு வழி இருக்கவில்லை. இன்று அந்தப் புண்ணில் தூசியும் பூஞ்சை வித்தும் கலந்த பொடியைத் தூவினால், செவிலியர் சுத்தம் செய்யும்போது புண்ணின் அடிப்பகுதியே கண்ணுக்குத் தெரியாது. படுக்கைப்புண் வருவது அழுத்தத்தால். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவர்களை ஒருக்களித்துத் திருப்பிப் படுக்கவையுங்கள். இடுப்பெலும்பும் குதிகாலும் மெத்தையில் அழுந்தாமல் தலையணை முட்டுக்கொடுங்கள், விரிப்பு நனைந்தால் உடனே மாற்றுங்கள், பருப்பு, முட்டை, பால் என்று புரதம் கொடுங்கள். வீட்டுக்கே வந்து கட்டுப்போடும் சேவை அரசு மருத்துவமனைகளின் வலிநிவாரணப் பிரிவுகள் வழியாகத் தமிழகத்தின் பல இடங்களில் கிடைக்கிறது, விசாரித்துப் பாருங்கள். இந்தப் பணியைத் தனியாகச் சுமக்கும் மருமகள்கள் ஏராளம் என்று எனக்குத் தெரியும். பச்சிலை தேடி அலையும் நேரத்தில் நீங்கள் ஒரு மணி நேரம் தூங்கினால் உங்கள் மாமியாருக்கும் அது நல்லது.

பாம்பு, தேள், நாய் கடித்தால்?

குப்பைமேனியை நினைக்கவே வேண்டாம். பாம்பு கடித்தால் 108-ஐ அழையுங்கள், கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கும் மருந்து அரசு மருத்துவமனைகளில் உண்டு. பச்சிலை பூசிக் காத்திருந்தவர்களில் சிலர் பிழைப்பதற்குக் காரணம், கடித்தது நஞ்சில்லாத பாம்பாக இருந்ததோ நஞ்சு இறங்காமல் போனதோதான். தேள் கொட்டிக் குழந்தைக்கு வியர்வை கொட்டினாலோ வாந்தி எடுத்தாலோ கைகால் சில்லிட்டாலோ நேரம் கடத்தாதீர்கள். அந்த நஞ்சு இதயத்தைத் தாக்கும், அதற்கு மருந்து இருக்கிறது.

நாய்க்கடியை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி போட வேண்டும். பச்சிலையோ மஞ்சளோ சுண்ணாம்போ காயத்தில் படக் கூடாது.

முகத்திலுள்ள முடி உதிர மஞ்சளுடன் பூசலாமா?

இளம்பெண்கள் மிகவும் கூச்சத்தோடு கேட்கும் கேள்வி இது. கஸ்தூரி மஞ்சளுடன் அரைத்துப் பூசினால் பூனைமுடி உதிரும் என்பது பரவலான நம்பிக்கை. காய்ந்த பற்றைத் தேய்த்து எடுக்கும்போது மெல்லிய முடி கொஞ்சம் பிடுங்கப்படும், வேர் அப்படியே இருக்கும். நாள்தோறும் தேய்ப்பதால் கன்னம் கறுத்துப்போவதும் உண்டு. முகவாயிலும் மேலுதட்டிலும் கருமையான, தடித்த முடி வளர்ந்து, கூடவே மாதவிலக்கும் தள்ளிப்போனால் அது ஹார்மோன் சம்பந்தப்பட்டது. சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்று மகப்பேறு மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

குழந்தைகளுக்குப் பூசலாமா? சளிக்குச் சாறு கொடுக்கலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கொடுக்கவே கூடாது. வாந்தி எடுக்கவைத்துச் சளியை வெளியேற்றுவதற்கு இந்தச் சாற்றைக் குழந்தைகளுக்குப் புகட்டும் பழக்கம் இருந்தது. பேதியாவதற்கு அரைத்த இலையை ஆசனவாயில் வைப்பதும் உண்டு. இரண்டுமே இன்று வீட்டில் செய்யத் தகாதவை.

காரணத்தையும் சொல்கிறேன். சிலருடைய ரத்தச் சிவப்பணுக்களில் ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். பரம்பரையாக வருவது, பெரும்பாலும் ஆண்களைப் பாதிக்கும். பலருக்கு அப்படி ஒரு குறை இருப்பதே தெரியாது, நன்றாகவே நடமாடிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வாத ஒரு பொருள் உள்ளே போனதும் சிவப்பணுக்கள் கூட்டங்கூட்டமாக உடையும். குப்பைமேனி அப்படிப்பட்ட பொருள். இலங்கையில் குப்பைமேனி சேர்த்த மூலிகை ரசம் குடித்த, இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்தம் உடைந்ததை 1990களில் அந்நாட்டு மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும், மூச்சு வாங்கும், உதடு நீலம் பாரிக்கும்.

சரி, மேலே பூசினால்? குழந்தையின் தோல் மிக மெல்லியது, எடைக்கு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் அதிகம். மருதாணி பூசியதாலேயே இந்தக் குறைபாடு உள்ள கைக்குழந்தைகளுக்கு ரத்தம் உடைந்த பதிவுகள் இருக்கின்றன. அந்துருண்டை போட்டு வைத்த துணியைச் சுற்றியதாலும் நேர்ந்திருக்கிறது. எனவே ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் குப்பைமேனி பூச வேண்டாம் என்பதே என் உறுதியான பேச்சு. பெரிய பிள்ளைகளுக்கும் சிறிய இடத்தில் மட்டும், கை வாய்க்குப் போகாதபடி பார்த்துக்கொண்டு பூசுங்கள். வீட்டில் யாருக்காவது இந்தக் குறைபாடு இருப்பது தெரிந்தால் இந்த மூலிகையை அறவே தவிர்த்துவிடுங்கள்.

சித்த மருத்துவத்தில் உள்ளுக்கும் கொடுக்கிறார்களே?

கொடுக்கிறார்கள். ஆனால் அங்கே செடியைச் சுத்தி செய்யும் முறை, அளவு, அனுபானம் (மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் தேன், பால் போன்றவை), பத்தியம் எல்லாம் சேர்ந்து வருகின்றன, நோயாளியை நேரில் பார்த்த மருத்துவரும் இருக்கிறார். பட்டம் பெற்ற சித்த மருத்துவர்கள் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும், சென்னை அரும்பாக்கம், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், பல அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளிலும் இருக்கிறார்கள். காணொளியைப் பார்த்து ஒரு டம்ளர் சாறு குடிப்பதைச் சித்த மருத்துவம் என்று யாரும் சொல்லக் கூடாது.

கர்ப்பிணிகள்?

உள்ளுக்கு அறவே வேண்டாம். இந்தச் செடியின் சாரம் எலிகளில் கரு தங்குவதைத் தடுத்திருக்கிறது. மேலே பூசுவதையும் பேறுகாலம் முடியும்வரை தள்ளிவையுங்கள். பால் கொடுக்கும் தாய்மார்கள் மார்பிலும் அதைச் சுற்றியும் பூசக் கூடாது.

ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்ட மூலிகைதானே?

சீழ் உண்டாக்கும் கிருமிகளை இலைச்சாரம் தடுப்பதை ஆய்வுக்கூடத் தட்டுகளில் பல முறை காட்டியிருக்கிறார்கள். எலிகளின் காயத்தில் தேள்கொடுக்கு, கொடிவேலி, குப்பைமேனி ஆகிய மூன்றின் சாரத்தையும் பூசி ஒப்பிட்ட ஆய்வொன்று 2002இல் வெளியானது. அதில் காயத்தை ஆற்றுவதில் தேள்கொடுக்குதான் மற்ற இரண்டையும் விடச் சிறப்பாக இருந்தது. தட்டிலும் எலியிலும் நடந்ததை வைத்து மனிதரின் புண் ஆறிவிடும் என்று சொல்வது பாதிக் கிணறு தாண்டுவதுதான். மேலும் அங்கே பயன்படுவது ஆல்கஹாலில் எடுத்து அளவிட்ட சாரம், நம் அம்மியில் அரைத்த விழுது வேறு.

கடையில் விற்கும் குப்பைமேனிப் பொடி, சோப்பு, களிம்பு நல்லவையா?

உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள் நான்கும் அட்டையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பொடி பச்சை மங்காமல், கட்டி தட்டாமல், பூசண வாடை இல்லாமல் இருக்க வேண்டும். எந்தத் தோல் நோயையும் ஒரே வாரத்தில் வேரோடு அறுப்பதாகச் சொல்லும் களிம்பைத் தொடாதீர்கள். பூசிய மறுநாளே அரிப்பு மாயமாக மறைந்து, நிறுத்தியதும் பாய்ந்து திரும்பினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

செடியைப் பிடுங்கிப் போட்டால் பூனைகள் வந்து புரள்கின்றனவே, ஏன்?

வேரின் வாடைதான் காரணம். பூனைகள் அதை முகர்ந்து, கடித்து, மேலே உருண்டு மயங்கிக் கிடக்கும். இதனால்தான் பூனைவணங்கி, மார்ஜாலமோகினி என்ற பெயர்களும் வந்தன. மருந்துக்கு இலை காயவைக்கும்போது வேரை நீக்கிவிட்டு, வலைமூடி போட்டு வையுங்கள். பூனை புரண்ட இலையைத் தோலில் பூச வேண்டாம்.

பூசியபின் கொப்புளம் வந்துவிட்டது. அல்லது குழந்தை தெரியாமல் தின்றுவிட்டது. என்ன செய்வது?

பூசியதை உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். ஈரத்துணி ஒத்தடம் கொடுக்கலாம், அதற்கு மேல் வேறெந்தப் பச்சிலையும் வேண்டாம். கொப்புளம் பரவினாலோ முகமோ உதடோ வீங்கினாலோ மருத்துவமனைக்குப் போங்கள்.

குழந்தை தின்றிருந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள், மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அங்கே ஒன்றும் ஆகாவிட்டாலும் அடுத்த சில நாட்களுக்குச் சிறுநீரின் நிறத்தைக் கவனித்து வாருங்கள். பெரியவர்கள் சாறு குடித்து உடம்புக்கு முடியாமல் போனாலும் இதே கவனம் வேண்டும். மருத்துவமனைக்குப் போகும்போது அதே செடியின் கிளை ஒன்றைப் பூங்கதிரோடு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு, எப்போது உள்ளே போனது என்பதையும், குடும்பத்தில் யாருக்காவது ஜி-6-பி-டி குறைபாடு உண்டா என்பதையும் திட்டுவார்களோ என்று பயந்து மறைக்காமல் சொல்லிவிடுங்கள். உதடு நீலமாகும் நிலைக்கு வழக்கமாகக் கொடுக்கும் மெத்திலீன் நீலம் என்ற மருந்து, இந்தக் குறைபாடு உள்ளவர்களின் ரத்தத்தை மேலும் உடைத்துவிடும். நீங்கள் சொல்லும் அந்த ஒரு தகவலைக் கேட்டு மருத்துவர் வேறு சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பார்.